அஞ்சலையக்கா படத்தில் வெயில் இருந்த இடம்

மதிய வெயிலில், ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நெடி எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குள் வந்துவிடும். அந்த நெடியில் உட்கார்ந்துதான் படம் வரைவேன். வலது கையின் ஓரம் முழுக்கப் பென்சில் கரி பளபளக்கும்...

எண்பதுகளின் தொடக்கம். பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், வேலைக்கு மனு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். யாராவது பேசினால் தலை தானாகக் குனிந்துவிடும். கையில் பென்சில் இருந்தால் மட்டும் எவரையும் நிமிர்ந்து பார்ப்பேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலையக்கா பால்மரம் வெட்டுபவர், பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. ஒரு நாள் முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"ஆடு மாடெல்லாம் வரையிற. நான் என்ன கேவலமாவா இருக்கேன்?"

தோளிலிருந்து முழங்கை வரை பென்சிலை எடுக்காமல் ஒரே கோடு. கழுத்தடியிலும் கண்ணோரத்திலும் மட்டும் நிழல். வெயில் விழுந்த பக்கத்துச் சேலையை வரையவே இல்லை. வெள்ளைத் தாளையே அப்படியே விட்டேன். பின்னாலும் வெறுமைதான். அன்றுதான் ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டதாக எனக்குத் தோன்றியது.

அக்கா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். ஒரே ஒரு குறை அவருக்கு.

"பொட்டு கறுப்பா இருக்கு லா..."

கண்ணாடி மேலேயே குங்குமம் வைத்துவிட்டார்!

என் படம் ஒரு சுவரில் தொங்குவது அதுவே முதல் முறை. அதைப் பார்க்கவே அந்த வாசலைத் தினம் நாலு தடவை கடப்பேன்.

மறு வாரம் கோலா கெத்திலிலிருந்து அவருடைய நாத்தனார் சொல்லாமல் வந்தார். அக்கா வேலைக்காட்டில் இருந்தார். திறந்திருந்த கதவு... சுவரில் கறுப்பு வெள்ளை முகம், நெற்றியில் குங்குமம்.

"ஐயோ அஞ்சல! ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியேடி!"

ஓடினேன். அக்கா உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். வழக்கம்போல் தலை குனிந்துவிட்டது. நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பால்வாளியோடு அக்கா வந்து நின்றார்.

"என்னா அண்ணி? யாரு செத்தா?"

நாத்தனார் அலறினார். பிறகு அக்காவின் முதுகில் ரெண்டு போட்டார்.

"உசுரோட இருக்கிறவ படத்துக்குப் பொட்டு வைப்பியாடி? கழட்டு மொதல்ல!"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"கழட்ட மாட்டேன் அண்ணி. பாப்பா, அந்தக் காலி இடத்துல என் ஆட்ட வரைஞ்சி உடு. செத்தவ படத்துல ஆடு நிக்குமா?"

"முழுசா அடைக்கச் சொல்லாதீங்கக்கா... அதுலதான் வெயில் இருக்கு." பேசியது நான்தான்!

"படிச்ச புள்ள என்னமோ சொல்லுது," என்றார் நாத்தனார்.

பொட்டைத் துடைத்தார்கள். மூலையில் மட்டும் ஆட்டை வரைந்தேன், நிழலில்லாமல், ஒற்றைக் கோட்டில்.

"ஆட்டுக்குத் தீனி பத்தல," என்றார் நாத்தனார். மூவரும் சிரித்த சிரிப்பில் லயமே எட்டிப் பார்த்தது.

இப்போது யாரும் வாட்ஸ்அப்பில் கேட்காமல் வீட்டுக்கு வருவதில்லை. போனில் ஆயிரம் படம், சுவரில் ஒன்றுமில்லை...

போன வருடம் அக்கா காலமானார். சுங்கை பட்டாணியில் அவர் மகள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் மாலையோடு ஒரு கலர் போட்டோ. என் படம் அடுப்படியில், மாலையில்லாமல்.

"இதுக்குப் போடலையா?"

"இது அம்மா உசுரோட இருக்கிற படமாச்சேக்கா," என்றாள் மகள், தேத்தண்ணி கலக்கிக்கொண்டே.