அம்மா உள்ளே இருக்கிறாள்

எங்கள் தெருவில் ஒருவர் 'உள்ளே இருக்கிறார்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டு மாமா கொள்ளிடத்து மணலோடு மாட்டிக்கொண்டு, திருச்சி ஜெயிலில் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். திரும்பியபோது பாதி ஆளாக இளைத்திருந்தார். அவரைத் தெருவில் கண்டாலே நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன். அவ்வளவு தைரியசாலி நான்.

அப்போது நான்காம் வகுப்பு. ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது சித்தி போனில் பதறிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அப்பா. அறுவடை மெஷின் ஓட்ட சீர்காழிக்குப் போயிருந்தார்.

"அக்கா உள்ளதான் இருக்கு மாமா. போலீஸ் வேற வந்துருச்சு."

அம்மா திருக்காட்டுப்பள்ளி சாலையிலிருந்த அரிசி மில்லில் களத்து வேலை பார்த்தாள். முதல்நாள்தான் அங்கிருந்து கோழிகளுக்குக் கொஞ்சம் குருணையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதற்குத்தான் பிடித்துவிட்டார்கள் என்று தீர்மானித்தேன். சித்தி மொபெட்டை வெளியே தள்ளுவதற்குள் கொல்லைக்கு ஓடி, டப்பாவோடு குருணையைக் கொட்டினேன். நல்ல கோழிகள், தடயம் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

வழியில் சித்தி விவரம் சொன்னாள். "மில்லுல பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லடி. கருவைப் புதருக்குப் போனா லாரிக்காரனுங்க நிக்கிறானுங்க. கட்டித் தர்றேன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்னு எல்லாரும் களத்துலயே உக்காந்துட்டாங்க."

நான் நம்பவில்லை. கக்கூஸ் கேட்டதற்கு யாராவது போலீஸைக் கூப்பிடுவார்களா? குழந்தை பயப்படக் கூடாதென்று சித்தி கதை விடுகிறாள் என்றே நினைத்தேன்.

மில் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். வெளியே ஜீப் நின்றது. கம்பிகளுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றாள். ஜெயில் என்றால் எப்படியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேனோ, அப்படியே இருந்தது.

"அம்மா, எல்லாத்தையும் கோழிக்குப் போட்டுட்டேன். நீ வந்துரும்மா" என்று கத்தி அழுதேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். உள்ளே மேனேஜர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "இப்ப எந்திரிச்சுப் போறவங்களுக்கு நாளைக்கு வேலை இருக்கு. மத்தவங்க இந்தப் பக்கமே வராதீங்க!"

"வந்துரேன்க்கா" என்று சித்தியும் கெஞ்சினாள்.

"எனக்கு மட்டும் பயமா இல்லையா? நான் எந்திரிச்சா எல்லாரும் எந்திரிச்சுருவாங்கடி" என்றாள் அம்மா. என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்து, அந்தப் பெண்களின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். போலீஸைவிட, ஜீப்பைவிட, அவள் தானாகத் திரும்பிப் போனதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. எனக்கு இனி அம்மா இல்லை என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலாளி எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டாராம். அவள் இளைத்திருக்கிறாளா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.

அறுவடை முடிவதற்குள் களத்தோரம் கதவும் தாழ்ப்பாளுமாக ஒரு கழிவறை எழுந்தது. மறுநாள் காலை அம்மா என்னுடைய பழைய ஸ்கூல் வாட்டர் பாட்டிலைக் கேட்டு வாங்கினாள். கழுத்துவரை தண்ணீர் பிடித்து, சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுவரை, அம்மாவுக்குப் பகலில் தாகமே எடுக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.