ஜல்லி ரோட்டுக்கு அந்தப் பக்கம்

பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் என் தாய்வீட்டில், கேட்டைத் திறந்ததும் கால் துடைக்க ஒரு ரப்பர்த் துண்டு கிடக்கிறது. கடையில் வாங்கிய மிதியடி இல்லை. நெல் அறுக்கும் பெல்ட் வண்டியின் பெல்ட்டிலிருந்து அறுத்தெடுத்தது. மேலே கட்டைவிரல் உயரத்துக்கு வரிசையாக ரப்பர்ப் பற்கள். ஓரத்தில் ஒரு பல் பாதி பிய்ந்து, உள்ளே ஓடும் இரும்புக் கம்பி துருவேறித் தெரியும். புடவை மாட்டிக்கொள்ளும், குழந்தைகள் தடுக்கி விழும். இதைத் தூக்கிப் போடு என்று எத்தனையோ முறை சொன்னேன். அண்ணி காதில் வாங்கவே இல்லை. இப்போது நான் சொல்வதில்லை.

அண்ணி எனக்குத் தாய்மாமன் மகள். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். என் அண்ணனைக் கட்டிக்கொண்ட பிறகு, "பேரு சொல்லிக் கூப்புடாதடி, மொறைன்னு ஒண்ணு கீதில்ல" என்று அம்மா அதட்டியதால் அண்ணி ஆனாள். அண்ணன் ஒரு பெல்ட் வண்டி வாங்கினான். ஓட்டுவது அவன், ஆளுவது அவள். டயர் வண்டி இறங்கவே பயப்படும் சேற்று வயலில் பெல்ட் வண்டி அலுங்காமல் போய் அறுத்துக் கொட்டும். சேற்றில் ராஜாவான அதற்கு ரோடுதான் எமன். தாரும் கல்லும் ரப்பர்ப் பற்களைத் தேய்த்துத் தின்னும். நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பினால் பல் வேரோடு பிய்ந்து வரும். அதனால் ஒரு வயலிலிருந்து எதிர் வயலுக்குப் போக ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அண்ணி முன்னால் நடந்து பழைய சாக்குகளை விரித்துக்கொண்டே போவாள். நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், நடு ரோட்டில் திரும்பக் கூடாது. இறங்கியதும் சேற்றை வழித்துவிட்டு ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்ப்பாள். "பெத்த புள்ளைக்குக்கூட இப்படிப் பல்லு பாத்ததில்ல இவ" என்பான் அண்ணன்.

கிண்டல்தான் செய்வானே தவிர, அவள் பேச்சை மீற மாட்டான். ஒரு முறை மீறிப் பட்டிருந்தான். அவசரத்தில், கல் கொட்டிக்கிடந்த மேட்டில் வண்டியைத் திருப்பினான், பெல்ட் கிழிந்தது. புது பெல்ட் வருவதற்குள் மழை வந்துவிட்டது. எங்களையே நம்பி வேறு வண்டி தேடாமல் இருந்த பக்கத்துத் தெருப் பெரியம்மாவின் நெல், தாளிலேயே முளைத்துப்போனது. அந்த அம்மா முளைவிட்ட கதிர் ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்து, "உங்கள நம்பினேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அண்ணியும் பதிலுக்கு நாலு பேசி ஆறியிருப்பாள். கிழிந்த பெல்ட்டில் ஒரு துண்டை அறுத்து அவள் வாசலில் போட்டது அதற்குப் பிறகுதான். அதை மிதிக்காமல் அண்ணன் வண்டியெடுக்கப் போக முடியாது.

சில வருடங்கள் கழித்து, பொங்கலுக்கு நான் தாய்வீடு போயிருந்தேன். பருவம் தப்பி வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஏரிக்கரை ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று வந்த காண்ட்ராக்டர் ஜல்லியைப் பரப்பிப் போட்டுவிட்டு ஆளே காணோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாலு வீட்டு நெல் அறுக்காமல் நின்றது. அந்தப் பக்கம் என் மாமாவின் நெல், அதாவது அண்ணியின் அப்பாவுடையது. கனமாக வைக்கோல் பரப்பினால் வண்டி ஜல்லியைத் தாண்டிவிடும். ஆனால் வைக்கோலை எல்லாம் கட்டுக்கட்டி லாரியில் ஏற்றியாகிவிட்டது. வெறும் சாக்கை அந்தக் கூரான கல் குத்திக் கிழித்துவிடும். வண்டியை ஏற்றி இறக்கும் லாரியும் வெளியூர் போயிருந்தது.

மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டின் அந்த ஓரத்தில் வந்து நின்றார். "இன்னாம்மா, வண்டி தாண்டுமா?"

"ஒரே வாட்டிதான். நேரா வுட்டு ஏத்திடறேன். இன்னா ஆயிடப் போவுது?" என்றான் அண்ணன்.

அண்ணி ஜல்லியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். "இந்தப் பக்கம் நாலு வூட்டு நெல்லு நிக்கிது. பெல்ட்டு பூடுச்சின்னா அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"அது உங்கப்பா நெல்லு அண்ணி" என்றேன் நான்.

"தெரியும்" என்றவள் அந்தப் பக்கம் திரும்பி, "தாண்டாதுப்பா" என்றாள்.

"செரிம்மா. நிக்கிறவங்கள மொதல்ல பாரு" என்று சொல்லிவிட்டு மாமா வரப்பில் இறங்கிப் போனார்.

நாலு வீட்டு நெல்லும் தார்ப்பாய்க்குள் போன கையோடு மழை பிடித்துக்கொண்டது. அந்த நாலு வீட்டிலும் அண்ணியைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மாமாவின் நெல் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது. தண்ணீர் வடிந்ததும், தேறுகிறதையாவது எடுக்கலாம் என்று மதகடிப்பட்டுப் பக்கம் வேலை முடித்துவிட்டு வந்த ஒரு வெளியூர் பெல்ட் வண்டியை அவரே பேசிக் கூட்டிவந்தார். வண்டி எங்கள் பக்கத்திலிருந்துதான் ரோட்டில் ஏறியது. வைக்கோல் இல்லை, சாக்கு இல்லை. அந்த டிரைவர் போனில் பேசிக்கொண்டே ஜல்லிமேல் கடகடவென்று ஓட்டிப்போய் வயலில் இறக்கினார். அண்ணி பின்னாலேயே ஓடினாள். வண்டி நின்றதும் உட்கார்ந்து, யாரோ ஒருவரின் பெல்ட்டை ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். ஒரு பல்லாவது பிய்ந்திருக்க வேண்டும் என்று நான் ரோட்டில் நின்று வேண்டிக்கொண்டேன். என் மாமனின் நெல்லுக்கு வந்த வண்டி கிழியட்டும் என்று வேண்டிய பாவி நான். கீறல்கள் இருந்தன, கிழிசல் இல்லை.

மழையில் ஜல்லி படிந்து இறுகியிருக்கலாம், அது புது பெல்ட்டாக இருக்கலாம் என்றெல்லாம் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "உம்" என்றாள். அவள் செய்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் மாமாவின் முகம் ஞாபகம் வந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த மாமாவோ கோபமே காட்டவில்லை. வழக்கம்போல வந்தார், மகள் கையால் சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சினார். ஆனால் அதன் பிறகு ஒரு போகத்துக்குக்கூட வண்டி கேட்கவில்லை. அண்ணியே போய்க் கூப்பிட்டபோது, "வேற வண்டிக்குச் சொல்லிட்டேம்மா. ஒனக்கு எதுக்குச் செரமம்" என்றார். அவர் அதை மனதில் வைத்துத்தான் சொன்னாரா என்பது இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

இந்த மாசியில் மாமா இறந்துபோனார். சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரில் பெண்கள் ரோடு வரைக்கும்தான் போகலாம். ஜல்லி கிடந்த இடத்தில் இப்போது வழவழவென்று தார் போட்டிருக்கிறார்கள். பாடையைத் தூக்கியவர்கள் நாலு எட்டில் கடந்துவிட்டார்கள். அண்ணி இந்த ஓரத்திலேயே நின்றாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

தலை முழுகிவிட்டு, மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தோம். கேட்டுக்குள் நுழைந்தவள் அந்த ரப்பர்த் துண்டின்மேல் சொட்டச் சொட்ட நின்றுவிட்டாள்.

"உள்ள வா அண்ணி" என்றேன்.

"அன்னிக்கு அந்த வண்டி தாண்டிச்சில்ல" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "தாண்டிச்சி" என்றேன். அவள் கால்களை அந்தப் பற்களின்மேல் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.