ஏழு நாற்பதைப் பிடிக்கிறவர்

செங்கல்வராயன் வேலையை விட்டு நாலு வருஷம் ஆகிறது. அவரைத்தான் அதை யாராலும் நம்ப வைக்க முடியவில்லை. தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, ஏழே காலுக்கு டிபன் பாக்ஸ் கேட்பார். பட்டாபிராமில் ஏழு நாற்பது வண்டியைப் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, சௌகார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் முப்பத்து நாலு வருஷம் எடை போட்டவர். முதலாளி காலமாகி, கடை கைமாறி, இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். இதை எடுத்துச் சொன்னால், “மொதலாளி செத்துட்டாரா? எப்போ? எனுக்கு யாருமே சொல்லலயே,” என்று புதுசாக அழுவார். நாலு தடவை அப்படி அழவிட்ட பிறகு, மனைவி கஸ்தூரி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

கஸ்தூரியை சாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். மாவு புளித்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள், இன்னொரு பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கே புருஷன் விஷயத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். காத்து கருப்பு என்றாள் ஒருத்தி. கோவில்பதாகையில் ஒருவர் மந்திரித்துத் தாயத்துக் கட்டினார். வயசானால் இப்படித்தான் என்றார்கள் மற்றவர்கள். அறுபத்தாறெல்லாம் ஒரு வயசா? கடைசியில் பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாதான் உட்கார வைத்து விளக்கினாள்.

“இது மறதி நோய்மா. மூளையில வர்றது. யார் செஞ்ச பாவமும் இல்ல. குணமாகாது. ஆனா நல்லா வெச்சுப் பாத்துக்கலாம்.”

பாவம் இல்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அந்த டாக்டரம்மா நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் என்று கஸ்தூரி இன்றைக்கும் வாழ்த்துகிறாள்.

ஆனால் எப்படிப் பார்த்துக்கொள்வது? தண்டவாளம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். “கதவைப் பூட்டி வைம்மா,” என்றான் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அரவிந்தன். பூட்டினாள். ஒரு மாதம். ஏழு நாற்பது வண்டியின் சத்தம் கேட்டதும் அவர் கதவை இடிக்க ஆரம்பிப்பார். “நான் இன்னா தப்பு பண்ணேன்? எதுக்கு என்ன அடைச்சி வெச்சிகிறீங்க?” விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து போயிற்று. அந்தக் குரல் காதில் விழாமல் இருக்க, அரிசி போடாத கிரைண்டரை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள் கஸ்தூரி. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அரவிந்தன் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்தான். “தை மாசம் அங்க சேத்துடலாம்மா. உனக்கும் வயசாகுது,” என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஐப்பசியில் ஒரு நாள், மாவு வாங்க வந்தவளோடு வாசலில் பேச்சு வளர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தலைவிரி கோலமாக ஸ்டேஷனுக்கு ஓடினாள். வண்டி போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் தலையில் அடித்துக்கொண்டு நின்றபோது போன் வந்தது.

“யக்கா, நான் ஆவடி அப்துல் ரசாக் பேசறேன். நம்ம அண்ணாத்தே எங்ககூடதான் கீறாரு. பயப்படாதீங்க. ஜோரா குந்திகினு வர்றாரு. சட்டப் பையில துணி தெச்சி நெம்பர் எழுதி வெச்சிக்கிறீங்களே, அதப் பாத்துதான் போன் போட்டேன்.”

வேலைக்குப் போன காலத்தில் அவரோடு தினமும் வந்த மூன்றாவது பெட்டிக் கூட்டம் அது. ஒருவருக்கொருவர் பேர் தெரியும், ஏறுகிற ஸ்டேஷன் தெரியும், வீடு தெரியாது. ஆயுத பூஜைக்குப் பெட்டியில் மாவிலை கட்டிப் பொரி கடலை கொடுக்கிறவர்கள். நாலு வருஷம் கழித்து வந்த ஆளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டதும் விஷயம் புரிந்துவிட்டது. ரசாக் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று அம்பத்தூரில் அவரை இறக்கி, எதிர் வண்டியில் வீடு வரை கொண்டுவந்து விட்டார். வாசலில் தொங்கிய பூட்டையும், செங்கல்வராயனின் விரல்களையும் பார்த்தார்.

“எங்க அம்மாவுக்கும் இதேதான்க்கா. ஆறு வருஷம். தர்காவுக்குக் கூட்டினு போனோம், ஓதி ஊதனோம். கடைசில நாங்களும் பூட்டிதான் வெச்சோம். அவங்க மௌத்தா போன அன்னிக்கும் சாவி என் பையிலதான் இருந்திச்சி.” பூட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். “நீங்க பூட்டாதீங்க. நாளைக்கு அவரோட நீங்களும் வாங்க. நாங்க கீறோம்.”

மறுநாளே கஸ்தூரி சீசன் டிக்கெட் எடுத்தாள். பட்டாபிராமில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, காலியாக வரும் எதிர் வண்டியில் திரும்புவது. ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும், “அப்பாடா, வேல முட்ஞ்சிது,” என்று கால் நீட்டிப் படுத்துவிடுவார். பிறகு நாள் முழுக்க கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அண்ணனூரில் ஏறுகிற ஹேமாவதி அவருக்குத் தினமும் கையில் நாலு முறுக்கு வைப்பாள். அவர் ஒரே கதையைத் தினமும் சொல்வார், பெட்டியே புதுசாகக் கேட்டுச் சிரிக்கும். பெற்ற பிள்ளைக்குக்கூட இந்தப் பொறுமை வராது. இவர்கள் யார், தனக்கு என்ன உறவு என்று கஸ்தூரி வியக்காத நாள் இல்லை. நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கம். பொடி தடவிய இட்லியை வாழையிலையில் கட்டிக்கொண்டு போய், “சாப்புடுங்க, மிச்சமாயி வீணாப் போவுது,” என்று அதட்டிக் கொடுப்பாள். விளக்கேற்றிக் கும்பிடும்போது அந்தப் பெட்டிக்காரர்கள் அத்தனை பேரையும் பேர் சொல்லி வேண்டிக்கொள்வாள்.

மார்கழிக் கடைசியில் அரவிந்தன் வந்தான். இல்லத்தில் இடம் சொல்லியாயிற்று, நாளை மறுநாள் கிளம்ப வேண்டும் என்றான். கஸ்தூரி சண்டை போடவில்லை.

“நாளைக்கு ஒரே ஒரு தபா எங்களோட வண்டில வா. அப்பறம் நீ சொல்றத கேக்கறேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, இரவெல்லாம் அவள் தூங்கவில்லை. அவன் மாட்டேன் என்றால் அவளால் மீற முடியாது.

போகும்போது பெட்டியில் நல்ல கூட்டம். அரவிந்தன் மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். திரும்பும் வண்டி காலி. அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். செங்கல்வராயன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பிக்கு எங்க வேல?”

அரவிந்தன் அம்மாவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பெங்களூருங்க.”

“அட! என் புள்ளயும் அங்கதான் கீறான். கெட்டிக்காரன். வேல ஜாஸ்தி, பாவம், நேரத்துக்குத் துன்றானோ இன்னாவோ.” முன்னால் குனிந்தார். “எங்க எறங்கணும்?”

“பட்டாபிராம்.”

“நம்மூருதான்! ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குட்ச்சிட்டுதான் போவணும். எங்க ஊட்டுக்காரி போட்டான்னா, மெட்ராசுலயே அப்பிடி கெடைக்காது. வாய்தான் கொஞ்சம் நீளம். ஆனா தங்கம், தம்பி. நான் வர்ற வரிக்கும் வாசலையே பாத்துகினு கெடப்பா.”

தோளோடு தோள் இடிக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் கஸ்தூரி. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் காபியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“வர்றேங்க,” என்றான் அரவிந்தன்.

பட்டாபிராமில் செங்கல்வராயன் முதலில் இறங்கி, “பாத்து எறங்கு தம்பி,” என்று மகனுக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை விடாமலே, மறு கையால் போனை எடுத்து, அந்த இல்லத்துக்காரர்களிடம் நாங்கள் வரவில்லை என்று சொன்னான் அரவிந்தன்.

கஸ்தூரி அதைக் கேட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பேரையும் முந்திக்கொண்டு நடந்தாள். அவர் போய்ச் சேரும்போது அவள் வாசலில் இருக்க வேண்டும்.