பாதி கேன் தண்ணீர்

என் கணவர் பக்கவாதத்தில் படுத்த பிறகு முதல் முறையாக இன்று அவரை மாதா கோயில் பூசைக்கு அழைத்துப்போக இருந்தேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு காத்திருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கும்போது என் கால்கள் மடங்கின. இருவரும் தரையில்.

ஜிம்முக்குப் போகும் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஓடிவந்து அவரைத் தூக்கினாள்.

"இன்னாக்கா, அவர தூக்க பலம் வேணும்னு டெய்லி தண்ணி கேன புடிச்சிகினு உக்காந்து எழுந்துக்கிறியே, அப்பவும் கால் மடங்குதா?"

"ஒரு நாள் விட்டதில்லடி."

"எவ்ளோ தண்ணி?"

"பாதி கேன். மொத நாள் ஊத்துனதுதான்."

"அதான் மேட்டரு. ஒடம்பு பழகிடுச்சுக்கா. ஈசியா வந்தா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஏத்தணும். அப்பதான் சதை புடிக்கும்."

எழும்போதெல்லாம் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்வது என் வழக்கம். எடை கூடினால் மூச்சு வாங்கி ஜெபம் தடுமாறுமே என்று தண்ணீரைக் கூட்டவே இல்லை.

அதற்குள் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது.

"வுடு, அடுத்த வாரம் போலாம்" என்றார் அவர். சட்டையை மட்டும் கழற்றவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மாலையில் கேனில் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி உட்கார்ந்து எழுந்தேன். பாதி ஜெபத்திலேயே மூச்சு வாங்கியது.

மூச்சிரைக்கச் சொன்ன ஜெபத்தை மாதா கணக்கில் சேர்ப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.