பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டும் கிறிஸ்துமஸும்

கடல் ஊருக்குள் வந்ததற்கு மறு வருஷம், மார்கழி மாதம். மழை விட்டபாடில்லை. உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்று, எது பாத்தி, எது வரப்பு என்றே தெரியவில்லை. தை போய் வெயில் ஏறினால்தான் எங்களுக்கு வேலை. அதுவரை மேட்டில் குவித்திருந்த உப்பின்மேல் கீற்று விலகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். ஒருத்தன் நான். இன்னொருத்தர் மாதா கோயில் தெருக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முப்பது வருஷமாகச் சேர்ந்து உப்பு வாரினவர்கள் நாங்கள்.

அவர் மனைவி அந்த ஆடியில் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். துக்கம் நடந்த வீடு என்பதால் அந்த வருஷம் அவர் ஸ்டார் கட்டவில்லை, பலகாரத்துக்கு மாவும் இடிக்கவில்லை.

எங்கள் வீட்டிலோ மகள் பிரசவமாகி வந்திருந்தாள். அவளுக்கு முதலில் பிறந்த குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துபோனது. சாவு வீட்டுக்காரி ஒருத்தி வந்து பார்த்துவிட்டுப் போனதுதான் காரணம் என்பாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பிறக்கும்போதே முருங்கைக்காய் மாதிரிதான் இருந்தது. அதை அவளிடம் சொல்லி யார் ஜெயிப்பது? இந்தத் தடவை கட்டுக்காவல் போட்டுவிட்டாள். பதினாறாம் நாள் தீட்டு கழியும்வரை வெளி ஆள் யாரும் உள்ளே வரக்கூடாது. சாவு வீட்டு ஆள் வாசலையே மிதிக்கக்கூடாது. அவருக்கும் இது தெரியும். அதனால் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள் மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தபோது அவரிடம் கேட்டேன்.

"ஏம்பா, உங்க சாமி பொறந்த அன்னிக்கே தெருவெல்லாம் பலகாரம் குடுக்கிறீங்களே, பொறந்த வீட்டுக்குத் தீட்டு இல்லியா?"

அவர் பீடியைப் பற்றவைக்காமல் என்னையே பார்த்தார்.

"தெரிலயேண்ணே. இத்தினி வருஷமா கோயிலுக்குப் போறேன், இது தோணவே இல்ல."

"யாரையாச்சும் கேட்டுச் சொல்லு."

"கோயில் உபதேசியார கேட்டா, உப்பு வார்றவனுக்கு இதெல்லாம் என்னாத்துக்குன்னுவாரு."

"நான் கேட்டேன்னு சொல்லு."

எனக்கு அது மண்டையைக் குடைந்தது. கிருஷ்ணர் ஜெயிலில் பிறந்தார். அன்றைக்கே ஆற்றைத் தாண்டி வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படியென்றால் தீட்டு யாருக்கு, பெற்ற வீட்டுக்கா, வளர்த்த வீட்டுக்கா? மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு வேலையும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று குழந்தைக்கு எட்டாம் நாள். காலையில் மழை விட்டிருந்தது. பூசை முடிந்து, வெள்ளை வேட்டியோடு அவர் வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் நின்றார்.

"ஏன் அங்கியே நிக்கிற?"

"இங்கியே சொல்லிட்டுப் போறேண்ணே. கேட்டுட்டேன். தீட்டு இருந்துச்சாம். நாப்பது நாளு. அதுக்கப்பறந்தான் அம்மாக்காரி புள்ளையத் தூக்கிக்கினு கோயிலுக்குப் போச்சாம். ரெண்டு புறா குடுத்துக் கழிச்சாங்களாம்."

"அப்ப நாப்பது நாளு யாரும் வந்து பாக்கலியா?"

"அதான் வேடிக்கை. பொறந்த அன்னிக்கே ஆடு மேய்க்கிறவனுங்க வந்து நின்னுட்டானுங்க. ஊர்ப் பெரிய மனுஷங்களுக்குச் சேதி போகல, இவனுங்களுக்குத்தான் மொதல்ல போச்சாம். மாட்டுக் கொட்டாய்ல கதவு ஏது? போங்கடான்னு அந்தம்மா சொல்லல."

கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"இத்தினி பேரு வந்து பாத்தாங்களே, அந்தப் புள்ள நல்லா இருந்துச்சா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "முப்பத்திமூணு வயசு வரைக்கும் ஒரு கொறையும் இல்லைங்க அண்ணி."

"அப்பறம்?"

"அது வேற கதைங்க. பாக்க வந்தவங்களால வந்தது இல்ல."

உள்ளிருந்து என் பெண் குரல் கொடுத்தாள். "அம்மா, சித்தப்பா எவ்ளோ நேரம் ரோட்லயே நிப்பாரு?"

"நாளைக்கு ஒம்போதாம் நாளுடி."

"தெரியும்மா. பெத்தவ நான்தான்."

என் மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே பார்த்துச் சொன்னாள்.

"சேறா கெடக்குது தம்பி. பாத்து வாங்க."

அவர் தள்ளி நின்றுதான் பார்த்தார். என் பெண்தான் குழந்தையை அவர் கையில் வைத்தாள்.

"கனமா இருக்குதுங்க அண்ணி."

"நெசமாவா?"

"கூடை தூக்கின கை. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் முழுக்க என் மனைவி குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. பத்தாம் நாள் விடிந்ததும் என்னை எழுப்பினாள். "போயி அவருக்குச் சொல்லிட்டு வா. புள்ள நல்லா இருக்குது."

நான் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு ராத்திரியும் தூங்காமல் கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் சொன்னதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.