மேட்டில் இறங்கியவர்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. மழைத்தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஒரு கிழமை தேங்கி நிற்கும் ஊர் அது. அங்கே பிறந்து வளர்ந்த பஞ்சலிங்கத்துக்கு மலையேறும் சைக்கிள் பந்தயத்தில் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று கேட்டால், அவருக்கே மறுமொழி தெரியாது. வயது நாற்பத்தேழு. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். மகள் ஆரணி பத்தாம் வகுப்பு. ஆனாலும் ஆண்டு தவறாமல், கம்பளையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிடுவார்.

வெல்லுகிற ஆசை அவருக்கு இருந்ததில்லை. அந்த அளவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நாலு மணித்தியாலத்துக்குள் முடிப்பவர்களின் பெயர்ப் பட்டியலில் தன் பெயரும் வரவேண்டும், அவ்வளவுதான். முடிக்க முடியாதவர்களை ஏற்றுவதற்கென்று பந்தயத்தின் வாலில் ஒரு லொறி ஊர்ந்து வரும். இதுவரை ஓடிய மூன்று ஆண்டும் பஞ்சலிங்கம் அதில் ஏறித்தான் நுவரெலியா பார்த்தார். இது ஊர் முழுக்கத் தெரியும். சீனி வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன மனேச்சர், இந்த முறையும் லொறியோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை நீட்டுவார்கள். அவர் சிரிப்பார். உள்ளுக்குள் பற்றி எரியும்.

மலையில்லாத ஊரில் மலைக்குப் பழகுவது எப்படி? பஞ்சலிங்கம் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஆடி மாதத்துச் சோழகக் காற்று அடிக்கும்போது மீசாலைப் பக்கம் போய், வாதரவத்தை வெளியால் காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பி வருவார். மரமில்லை, மதிலில்லை, சைக்கிளைக் காற்று பின்னுக்குத் தள்ளும். "காத்துத்தான் எங்கடை மலை," என்பார். அவரோடு பந்தயம் ஓடும் உடுவில் ஜொனதன் மாஸ்ரர், "காத்து ஓயும் ஐசே, மலை ஓயாது," என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் என்ன சொல்லி என்ன?

ஆனால் நாலாவது ஆண்டு அந்த முயல் ஓடத்தான் செய்தது. காலை ஆறரைக்குத் தொடங்கிய பந்தயத்தில், றம்பொடை வளைவுகளை அவர் இறங்காமல் தாண்டினார். முந்திய ஆண்டுகளில் லொறியில் ஏறிய இடங்கள் மூன்றும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஐந்து கிலோமீற்றர் மிச்சம் இருக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்தார். நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. எப்படி மிதித்தாலும் முப்பத்துமூன்று நிமிடத்தில் போய்ச் சேரலாம். பட்டியலில் தன் பெயர் எத்தனையாவதாக வரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. வளைவு திரும்ப, ஒரு பிரேத ஊர்வலம் வீதியில் இறங்கி எதிரே வந்தது. முன்னால் நாலு பேர் பாடையைத் தோளில் சுமந்து வந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிரேதம் எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவர் இறங்கி வீதிக் கரையில் நிற்பார். ஏனென்று யாரும் கேட்பதில்லை. பஞ்சலிங்கமும் யோசிக்கவில்லை. புத்தி விழிப்பதற்குள் கால் பெடலிலிருந்து கழன்று நிலத்தில் ஊன்றிவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த கொழும்புக்காரர் இருவர் அவரை விசித்திரமாகப் பார்த்துக்கொண்டு மிதித்துப் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் ஊர் வழக்கம் அவரவருக்கு.

ஊர்வலம் கடக்க நாலு நிமிடம். அதனால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. தலைக்கவசத்தை மாட்டி, சைக்கிளில் ஏறி, ஒரு மிதி மிதித்தார். பெடலோடு கொழுவிக்கொள்ளும் பந்தயச் சப்பாத்து அது; மற்றக் கால் கொழுவ முந்தி சைக்கிள் நின்றுவிட்டது. சரிந்து விழுந்தார். திரும்ப ஏறினார், திரும்ப விழுந்தார். முழங்காலில் தோல் உரிந்தது. செங்குத்தான மேட்டில் நின்ற சைக்கிளை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. புத்தூரில் எங்கே நின்றாலும் சமதரை, எங்கே ஏறினாலும் சைக்கிள் ஓடும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

ஊர்வலத்தின் கடைசியில் வந்த ஒரு தோட்டத்துக்காரர் திரும்பி வந்தார். "அண்ணே, தள்ளி விடட்டுங்களா?"

"வேண்டாம் தம்பி. ஆரும் தள்ளினால் பந்தயத்தாலை வெட்டிப்போடுவினம்."

வேறு வழியில்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். அடியில் இரும்பு வைத்த சப்பாத்து தாரில் வழுக்கியது. பின்னால் லொறி வந்து சேர்ந்தது. சாரதி கதவைத் திறந்து பிடித்தார். பஞ்சலிங்கம் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. முக்கால் கிலோமீற்றர் நடந்த பிறகுதான் கொஞ்சம் மட்டமான இடம் கிடைத்தது. அங்கே ஏறி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி மிதித்தார்.

முடிவுக் கோட்டைக் கடந்தபோது மணி பத்து முப்பத்துமூன்று. மேசையில் இருந்தவர் அவருடைய இலக்கத்துக்கு நேரே கோடு கீறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பட்டியலை மூடிவிட்டார்கள். பஞ்சலிங்கம் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அழுதார். நாற்பத்தேழு வயது மனிதர், பலர் பார்க்க, சத்தமாகவே அழுதார்.

ஒரு மணித்தியாலம் முந்தியே வந்துவிட்ட ஜொனதன் தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. "செத்தது ஆரெண்டே தெரியாது. அங்கை உம்மை ஆர் ஐசே தேடப் போகினம்?"

"தெரிஞ்ச ஆளெண்டால் மட்டும் இறங்கு எண்டு எனக்கு ஒருத்தரும் பழக்கேல்லை," என்றார் பஞ்சலிங்கம்.

அடுத்த திங்கட்கிழமை சங்கக்கடைக்கு வந்தவர்கள் ஒரு கூத்துப் பார்த்தார்கள். களஞ்சியத்துக்கு மூட்டை ஏற்றுவதற்காகக் கட்டிய சீமெந்துச் சரிவு ஒன்று கடைக்குப் பின்னால் உண்டு, பன்னிரண்டு அடி நீளம். ஊரிலுள்ள ஒரே மேடு அதுதான். அதன் நடுவில் மனேச்சர் சைக்கிளோடு நின்று ஏறுவதும், சரிவதும், திரும்ப ஏறுவதுமாக இருந்தார். முழங்காலில் பிளாஸ்ரர்.

பருப்பு வாங்க வந்த குணலட்சுமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏன் மனேச்சர் இந்தப் பாடு? அடுத்த முறை இறங்காமல் போனால் சரிதானே?"

பஞ்சலிங்கம் ஒரு காலை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"இறங்கினது பிழையில்லை அக்கா. ஏறத் தெரியாததுதான் பிழை," என்று சொல்லிவிட்டு, திரும்பவும் பெடலில் காலை வைத்தார்.