ஒரு பேட்டரிக்காக எழுதிய கடிதங்கள்

தொண்ணூறுகளின் பின்பாதியில் அருப்புக்கோட்டையில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை இருந்தது. ஆணி, கீல், பெயிண்ட், பைப்பு எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு மிஷன் பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தவள். அதனால் இங்கிலீஷில் எழுத வேண்டியதெல்லாம் என் பொறுப்பானது. கியாரண்டிக் கடிதங்களும் அதில் சேர்த்தி. ஓடாத மோட்டாருக்கும் சுற்றாத ஃபேனுக்கும் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு பேட்டரிக்காக எழுதியவை மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

அதை வாங்கியவர் திருச்சுழிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். வாலிபத்தில் பஞ்சு அரைக்கிற மிஷின் இழுத்ததில் இடது கை மணிக்கட்டோடு போயிருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டே கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது, பள்ளிக்கூடங்களில் கரும்பலகை மாட்டுவது என்று ஊர் ஊராகப் போய் வேலை செய்துகொண்டிருந்தார். புதுக் கட்டடங்களில் கரண்டு இருக்காது. ஓட்டை போடக் கையால் சுற்றுகிற டிரில்லைப் பிடிக்க ஒன்று, சுற்ற ஒன்று என இரண்டு கை வேண்டும். போகிற இடத்தில் யாரையாவது கெஞ்சிப் பிடிக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதுரை ஏஜென்சிக்காரர்கள் பேட்டரியில் ஓடுகிற டிரில் மிஷின் ஒன்றை எங்கள் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் அதை எடுத்து, முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு பேட்டரியை மாட்டினார். ஒற்றைக் கையால் தூக்கி விசையை அழுத்திப் பார்த்தார்.

"ஒத்தக் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குக்கா" என்றார்.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். ஆறு மாசம் கியாரண்டி இருக்கிறது, போனால் கம்பெனி புதுசு கொடுக்கும் என்று சொன்னேன். அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. நான் அதை நம்பினேன்.

நாலாவது மாசம் அந்த பேட்டரியோடு வந்து நின்றார். இரண்டு ஓட்டை போடுவதற்குள் படுத்துவிடுகிறது என்றார். எப்படிச் சார்ஜ் போடுகிறீர்கள் என்று விசாரித்தேன். சாயங்காலம் டீக்கடையில் சொருகிவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்வாராம். நான் பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை அன்றைக்குத்தான் பிரித்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, சூடாக இருக்கும்போது போடக் கூடாது என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது.

கியாரண்டி கேட்க நிரப்ப வேண்டிய கம்பெனிப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. பயன்படுத்தும் முறை வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். 'இல்லை' என்று போட்டால் பாரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டு, கடை முத்திரை வைத்து, பேட்டரியோடு சேர்த்து மதுரைக்கு அனுப்பினேன்.

அதற்கப்புறம் காத்திருப்புதான். வாரத்துக்கு ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஏஜென்சிக்குப் போன் போடுவேன். மெட்ராஸுக்கு அனுப்பியாச்சு, வந்ததும் சொல்லுவோம் என்பார்கள். அவரும் டவுனுக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வருவார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார். ஒரு தடவைதான் கேட்பார், மறுபடி கேட்க மாட்டார். அந்த ஒரு தடவைக்கே பதில் சொல்லி எனக்கு அலுத்துப்போனது. தெருமுனையில் அவர் தலை தெரிந்தால் மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்துவிடலாமா என்று தோன்றும். இரண்டு முறை அப்படிச் செய்தும் இருக்கிறேன்.

தை மாசம் அவர் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"இவுக கை டிரில்லச் சுத்துறாக, நான் புடிச்சு அமுக்குறேன்" என்று அவள் சொன்னாள். "காட்டுல கொத்தமல்லி புடுங்கப் போயி பதினஞ்சு நாளாச்சு. வரும் வராதுன்னு ஒரு சேதி சொன்னீகன்னா, நான் எம்பொழப்பப் பாத்துப் போவேன்."

அவள் குரலில் கோபமில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்த குரல். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். எத்தனையாவது அடுத்த வாரம் என்று எனக்கே தெரியவில்லை.

பதில் வந்தது. முறையாக விளக்கிச் சொன்ன பிறகும் வாடிக்கையாளர் அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்திருக்கிறார், ஆகவே கியாரண்டி செல்லாது என்று நாலு வரி. கூடவே பேட்டரியும் திரும்பி வந்திருந்தது. நான் போட்ட டிக்கை வைத்தே அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். கடிதத்தை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, விட்டுத்தள்ளு, இதுக்கு மேல என்ன பண்ண முடியும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுத்திருந்தது.

அடுத்த முறை அந்த பேட்டரிக்காரர் கடைக்கு வந்தபோது நான் குனியவில்லை.

"அண்ணே, அந்தப் புஸ்தகத்த நான் ஒங்களுக்குப் படிச்சே சொல்லல. ஆனா சொன்னதா எழுதிக் குடுத்துட்டேன். அதனாலதான் தள்ளிட்டாங்க."



"நல்லதுக்குன்னு நெனச்சுத்தானே எழுதுனீக" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கே உட்கார்ந்து கம்பெனிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். 'ஆம்' என்று போட்டது பொய், விளக்காதது என் தவறு, அவர் மேல் குற்றமில்லை என்று. அதற்குப் பதில் சீக்கிரமே வந்தது. தவறு கடைக்காரருடையது என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றிருந்தது. பேட்டரியை மட்டும் தனியாக விலைக்குத் தருவீர்களா என்று மூன்றாவது எழுதினேன். தனியாக விற்பதில்லை என்றார்கள்.

பிறகு பேட்டரியை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு மதுரைக்கே போனேன். முதல் தடவை மேனேஜர் இல்லை. இரண்டாவது தடவை இருந்தார், ஆனால் பார்க்கவில்லை. மதியம்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு வந்துகொண்டே இருந்தது. இதோடு போதும் என்று நினைத்தேன். ஆனால் பத்து நாள் கழித்து மறுபடி போனேன்.

அன்றைக்கு ரிப்பேர் பிரிவில் நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். என் கடிதங்களின் நகலை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"எல்லாரும் ஆமான்னுதாம்மா போடுவாங்க" என்றார். "போட்டது பொய்யின்னு திருப்பி எழுதுனத இப்பத்தான் பாக்குறேன்."

உள்ளே போய், யாரோ திருப்பிக் கொடுத்த மிஷினில் இருந்து கழற்றிய ஒரு பேட்டரியைக் கொண்டுவந்தார். இது புதுசு இல்லை, ரசீதெல்லாம் கிடையாது, இதற்குக் கியாரண்டியும் கிடையாது என்று மெதுவாகச் சொல்லிக் கூடையில் வைத்தார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பேட்டரிக்காரரையும் அவர் சம்சாரத்தையும் வரச்சொல்லி, கடையில் உட்காரவைத்து அந்தப் புத்தகம் முழுவதையும் தமிழில் வரிவரியாகச் சொன்னேன். அவள்தான் கவனமாகக் கேட்டாள். மூன்று மணி நேரம் என்பதை விரல் விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. வராததால் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் இருக்கும், ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டுப் பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். சைக்கிள் கேரியரில் நீள ஒயர்ச் சுருள் ஒன்று கட்டியிருந்தது. கரண்டு டிரில் வாங்கிவிட்டாராம். பக்கத்து வீட்டில் கேட்டுக் கரண்டு இழுத்துக்கொள்கிறாராம். பேட்டரி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது மூணு மாசத்துலயே போயிருச்சுக்கா. வீட்டுல இவ சொன்ன கணக்குப்படிதான் போட்டோம். பெறகும் போயிருச்சு."

ஏன் வந்து சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீங்க மறுபடியும் மதுரைக்குப் போவீக. ஒங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல்னு இவதான் வேணாம்னா."

அவர்கள் வந்து சொல்லாமல் விட்டதில் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அருப்புக்கோட்டை பஸ் வந்தது. வாரேன் அண்ணே என்று சொல்லிவிட்டு ஏறி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன்.